கிளட்ச் பிடிக்கும் இடம்

மார்ச் 29, ஞாயிறு

கிளட்ச் சரியில்லை. இதை முதலிலேயே எழுதி வைத்துவிடுகிறேன். நாளைக்கு யாரும் வந்து என் மேல் பழி போடக் கூடாது.

இன்று பந்தய டிராக்கில் பயிற்சி. ஐந்து தடவை கிளப்பினேன். இரண்டு தடவை முன்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்றிப் புகை கக்கின. இரண்டு தடவை இன்ஜின் முக்கிக்கொண்டு கிழட்டு மாடு மாதிரி எழுந்து நடந்தது. ஒரு தடவை அப்படியே அணைந்தே போனது. நான், மோகனசுந்தரம், பம்புக் கம்பெனி டெஸ்டிங் பிரிவில் இருபத்தாறு வருஷம் மோட்டாரோடு மல்லுக்கட்டியவன், பச்சை விளக்கின் கீழே கார் அணைந்து உட்கார்ந்திருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ கை தட்டினார்கள்.

பக்கத்துத் தடத்தில் ஹரீஷ். நூல் மில்காரர் வீட்டு வாரிசு, முப்பது வயது. ஆட்டோமேட்டிக் கார் வைத்திருக்கிறான், இரண்டே பெடல். பிரேக்கை மிதிக்கிறான், ஆக்சிலேட்டரை மிதிக்கிறான், பிரேக்கை விடுகிறான், மிச்சத்தைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. போன வருஷம் தெருக்கார் பிரிவில் கோப்பையை அவன்தான் தூக்கிப் போனான். அதற்கு முந்தின மூன்று வருஷமும் அது என் வீட்டு டிவி மேல் இருந்தது. இடது காலுக்கு வேலையே கொடுக்காத ஒருத்தனிடம் தோற்றதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. ஏப்ரல் கடைசியில் போட்டி. இந்தத் தடவை மூன்று பெடல் காரில் அவனை ஜெயித்துவிட்டுத்தான் மறுவேலை.

ஏப்ரல் 2, வியாழன்

அபுதாகிர் கிளட்ச்சை இறக்கிப் பார்த்தான். அவன் என் மெக்கானிக், பன்னிரண்டு வருஷப் பழக்கம். பிளேட்டைக் கையில் எடுத்துக் காட்டி, "தட்டு புதுசாட்டம் இருக்குதுண்ணா. இதுல ஒண்ணுமில்ல" என்றான்.

"ஒண்ணுமில்லாமயா கார் அணைஞ்சுது?"

"அது எனக்கு எப்படிங்ணா தெரியும்? நான் பக்கத்துல இல்லியே."

வாய் மட்டும் நீளம். புதுத் தட்டே போடச் சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் இன்னொரு வழக்கு. காரின் ஆர்.சி. என் மனைவி யசோதா பேரில் இருக்கிறது. உரிமையாளரும் கையெழுத்துப் போட வேண்டும் என்கிறது பந்தயம் நடத்துகிற கிளப். அப்படியே அவளை இரண்டாவது ஓட்டுநராகவும் எழுதச் சொன்னார்கள். சும்மா பேருக்குத்தான். தினமும் இதே காரில் மின்வாரிய ஆபீசுக்குப் போகிறாள். காந்திபுரம் நெரிசலில் ஆறு வருஷமாக ஆஃப் கிளட்ச்சிலேயே, பெடலைப் பாதி மிதித்தபடியே, ஊர்ந்து ஊர்ந்து வண்டியைப் பாழாக்கியவள் அவள்தான். சொன்னால், "நான் ஓட்டறப்ப வண்டி நல்லாத்தானுங்க போகுது" என்கிறாள்.

ஏப்ரல் 5, ஞாயிறு

அபு மறுபடி இறக்கிப் புதுத் தட்டு போட்டான். அதே கூத்து.

இதை ஓட்டாதவர்களுக்குச் சொன்னால் புரியாது. கால் மைல் பந்தயத்தில் ஜெயிப்பது ஓட்டத்தில் இல்லை, கிளம்புவதில்தான் இருக்கிறது. கைபிரேக்கைப் பிடித்துக்கொண்டு, இன்ஜினை ஒரே சத்தத்தில் நிறுத்திக்கொண்டு, இடது காலை மெல்ல மேலே விட வேண்டும். ஓர் இடத்தில் கிளட்ச் பிடிக்கும். கார் மூக்கை லேசாக நிமிர்த்தும், பாதத்துக்கு அடியில் சின்ன நடுக்கம் வரும். அந்த நடுக்கத்திலேயே காலை நிறுத்திக் காத்திருக்க வேண்டும். பச்சை விழுந்ததும் கைபிரேக்கை விட்டு, கிளட்ச்சைக் கொஞ்சம் வழுக்கவிட்டே மிச்சத்தையும் விட வேண்டும். படக்கென்று விட்டால் சக்கரம் சுற்றும். பயந்து பயந்து விட்டால் எதிராளி பாதி தூரம் போயிருப்பான். கண்ணாலும் காதாலும் முடியாது, காலால்தான் முடியும்.

அந்த நடுக்கத்தைத்தான் இப்போது காணோம். பெடல் செத்துக் கிடக்கிறது. மெத்தையை மிதிப்பது மாதிரி இருக்கிறது. தரை விரிப்பைப் பிடுங்கி எறிந்தேன். அடியில் இருந்த கம்பளத்தையும் கத்தியால் அறுத்து எடுத்தேன். வெறும் தகரம்தான் மிச்சம். அப்போதும் மெத்தை மாதிரியே இருக்கிறது.

ஏப்ரல் 8, புதன்

உழவர் சந்தையில் செருப்பு கழன்று எங்கோ விழுந்துவிட்டது. வெண்டைக்காய் வாங்கி, தக்காளி வாங்கி, வண்டி நிறுத்தின இடம் வரைக்கும் வந்தாகிவிட்டது. யசோதாதான், "ஏனுங்க, எடது கால்ல செருப்பெங்க?" என்று கேட்டாள். திரும்பிப் போய்த் தேடினால் கீரைக்காரம்மா கடை ஓரத்தில் கிடக்கிறது.

இப்போதெல்லாம் செருப்பு செய்கிற லட்சணம் அப்படி. வாரே பிடிப்பதில்லை. கடைக்காரனிடம் போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

பயிற்சி தொடங்குமுன் டிராக்கில் வெறுங்காலோடு நடந்து பார்ப்பது என் வழக்கம். தார் எங்கே பிடிக்கும், எங்கே வழுக்கும் என்று பாதத்துக்குத் தெரியும். என்னைப் பார்த்து இப்போது நாலைந்து பேர் அப்படி நடக்கிறார்கள். இன்று மதியம் நடந்தோம். வெயில் கொளுத்திற்று. ஹரீஷ் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டடி வைத்தவன் "ஐயோ அம்மா" என்று குதித்துக்கொண்டு புல்லுக்கு ஓடினான். நான் தடத்தின் நடுவில் நின்று, பச்சை விளக்கு போடுகிற பிலிப் சாரோடு சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தேன். "உங்களுக்குச் சுடலியா சார்?" என்று அவர் கேட்டார். பழக்கம் என்றேன். மனசுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

அதோடு பெருமை முடிந்தது. ஓட்டத்தில் நாலுக்கு மூன்று சொதப்பல். டயர் சூடாக்கத் தெளித்து வைத்திருக்கும் தண்ணீரை நாம் மிதிக்கவே கூடாது. தெரு டயரின் வரிப்பள்ளத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டு கோட்டுக்கே வந்துவிடும். அதைச் சுற்றித்தான் வந்தேன். டயர் காற்றையும் குறைத்துத்தான் வைத்திருந்தேன். எல்லாம் சரி. கிளட்ச்தான் கழுத்தறுக்கிறது.

ஏப்ரல் 13, திங்கள்

இடது உள்ளங்காலில் பெரிய கொப்புளம். பந்தய ஷூ கடித்திருக்கிறது. யசோதா பார்த்துவிட்டு ஒரே ரகளை. சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா, ஜனவரியில் பாதப் பரிசோதனைக்குப் போகச் சொன்னார்களே, ஏன் போகவில்லை என்று நச்சரிப்பு. போட்டி முடியட்டும் என்றேன்.

"போட்டி, போட்டி, போட்டி. அந்தக் கிளட்ச்சுக்கு மூணு தடவ வைத்தியம் பாப்பீங்க. உங்களுக்கு ஒருக்காப் பாக்க மாட்டீங்க."

மூன்று தடவை இல்லை, இரண்டு தடவைதான் இறக்கியிருக்கிறோம் என்றேன். சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஏப்ரல் 14, செவ்வாய்

வருஷப் பிறப்பு. பாயசம் வேண்டாம் என்று யாரிடமும் சொல்லவில்லை. குடித்தேன்.

ஏப்ரல் 17, வெள்ளி

அபு மூன்றாவது தடவை இறக்கினான். மூன்றாவது தடவையும் ஒன்றுமில்லை என்றான். எனக்கு வந்த கோபத்தில், "உனக்குக் கண்ணு தெரியலன்னா சொல்லு, வேற ஆளப் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"அண்ணா, தப்பா நெனைக்காதீங்க. அக்காவ ஓட்டிப் பாக்கச் சொல்லலாமாண்ணா?"

என்ன திமிர் இருந்தால் இப்படிக் கேட்பான்! பன்னிரண்டு வருஷம் நான் கொடுத்த இடம். விறுவிறுவென்று வெளியே வந்துவிட்டேன்.

ஏப்ரல் 21, செவ்வாய்

அபுவைத்தான் திரும்பவும் பிடிக்க வேண்டியிருந்தது, வேறு யார் இந்தக் காரைத் தொடுவது? பெடலின் உயரத்தை மாற்றச் சொன்னேன். அவன் காருக்குள் தலைகீழாகப் படுத்துப் பெடலைக் கழற்றினான். நான் ஷூவைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, வெறுங்காலால் மிதித்து மிதித்துப் பார்த்தேன். இன்னும் மேலே, இன்னும் கீழே என்று ஒரு மணி நேரம்.

கடைசியில் திரும்பப் பூட்டும்போது பெடலைத் தாங்குகிற சின்ன நட்டு ஒன்றைக் காணோம். அபு ஸ்க்ரூ, நட்டு போட்டு வைக்கிற தட்டைக் கவிழ்த்துத் தேடினான், தரையைப் பெருக்கினான், காந்தம் கட்டிய கம்பியைச் சீட்டுக்கு அடியிலெல்லாம் விட்டுத் துழாவினான். கிடைக்கவில்லை. நான் கத்திய கத்தில் எதிர்க்கடை டீ மாஸ்டர் வந்து எட்டிப் பார்த்தார். போட்டிக்கு நாலு நாள் வைத்துக்கொண்டு நட்டைத் தொலைக்கிறவன் மெக்கானிக்கா? வேறு நட்டைப் போட்டு முடுக்கினான். தொலைத்தவனுக்குப் பேச என்ன இருக்கிறது?

ஷூவைப் பையில் போட்டுக்கொண்டு செருப்போடு வீட்டுக்கு வந்தேன். இனிச் சனிக்கிழமை காலையில்தான் அதை மாட்டப்போகிறேன்.

ஏப்ரல் 25, சனி

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் தகுதி ஓட்டம். சக்கரம் சுற்றித் தொலைத்தது. ஆனாலும் இரண்டாவது கியரிலிருந்து விரட்டிப் பிடித்து, நாளைய இறுதிக்கு வந்துவிட்டேன். எதிரே ஹரீஷ். நான் கேட்டதும் அதுதான்.

மதியம் ஒரு ஒத்திகை ஓட்டம் தந்தார்கள். கோட்டுக்கு வந்து முதல் கியரில் போட்டு, கிளட்ச்சை முழுசாக மிதித்துக்கொண்டு நின்றேன். பிலிப் சார் காருக்கு முன்னால் வந்து, சக்கரம் கோட்டில் சரியாக நிற்கிறதா என்று குனிந்தார். கார் பாய்ந்தது.

ஒரு முழம்தான் பாய்ந்திருக்கும், உடனே அணைந்துவிட்டது. பிலிப் சார் பக்கவாட்டில் விழுந்து உருண்டார். முழங்கை சிராய்த்தது, வேறொன்றுமில்லை. நான் கிளட்ச்சை மிதித்துக்கொண்டுதான் இருந்தேன். இதை நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். கீழே பார்த்தபோது கால் பெடலுக்குப் பக்கத்தில், வெறும் தகரத்தை மிதித்துக்கொண்டிருந்தது. அதிர்ச்சியில் நழுவியிருக்கும்.

பெடலைப் பரிசோதித்து எழுதி வாங்கி வந்தால்தான் நாளை ஓட்டலாம் என்றார்கள். அங்கேயே அபுவைப் போனில் கிழித்தேன். நீ போட்ட கள்ள நட்டுதான் ஒரு மனுஷனைக் கொல்லப் பார்த்தது என்றேன். அவன், "வந்து பாக்கறேண்ணா. சாருக்கு ஒண்ணுமில்லியே?" என்று மட்டும் கேட்டான். யசோதாவுக்கும் போன் செய்து சொன்னேன். "வீட்டுக்கு வாங்க மொதல்ல. கண்ணேறுதான், ஆரத்தி சுத்திப் போடறேன்" என்றாள்.

காரை அபுவுக்காக அங்கேயே விட்டுவிட்டு ஆட்டோவில் வீட்டுக்கு வந்தேன். வாசலில் ஷூவைக் கழற்றினேன். உணர்ச்சி தெரிய வேண்டும் என்று இப்போதெல்லாம் சாக்ஸ் போடுவதில்லை. கூடத்தில் நடந்து, பிரிட்ஜைத் திறந்து தண்ணீர் குடித்து, திரும்பிப் பார்த்தால் வெள்ளை டைல்ஸ் முழுக்கச் சிவப்பு. எனக்கு மண்டைக்கு ஏறிவிட்டது. ஆரத்தித் தண்ணீரைத் தெருவில் ஊற்றாமல் நடைவாசலில் ஊற்றி வைத்தால் மிதித்துக்கொண்டுதானே வருவேன்! இருந்த கோபத்தையெல்லாம் அவள் மேல் கொட்டினேன். வீட்டில் ஒரு வேலை உருப்படியாக நடக்கிறதா, வழியில் ஊற்றி வைப்பாளா ஒருத்தி, வழுக்கி விழுந்து செத்திருந்தால் உனக்குத் திருப்தியா என்று என்னென்னவோ.

யசோதா சமையலறையிலிருந்து வந்தாள். கையில் தாம்பாளம். அதில் மஞ்சள் மட்டும் இருந்தது.

"நான் இன்னும் ஆரத்தி கரைக்கவே இல்லீங்க" என்றாள்.

குனிந்து பார்த்தேன். சிவப்பாக இருந்ததெல்லாம் இடது கால் தடம். வாசலிலிருந்து பிரிட்ஜ் வரைக்கும் இடது, இடது, இடது. வலது காலுக்கு ஒன்றுகூட இல்லை. நான் நின்ற இடத்தில் அது மெல்லப் பரவிக்கொண்டிருந்தது.

அவள் தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய் ஷூவை எடுத்துக் கவிழ்த்தாள். டைல்ஸில் டக்கென்று விழுந்து உருண்டது நட்டு.

காலையிலிருந்து அதன் மேல்தான் நடந்திருக்கிறேன். பெட்ரோல் போட்டேன், காகிதம் சரிபார்க்க வரிசையில் நின்றேன், கிளட்ச் மிதித்தேன், பிலிப் சாரைத் தூக்கிவிட ஓடினேன். கொப்புளம் கிழிந்து, நட்டின் ஆறு மூலையும் சதையில் பதிந்திருந்தது. தெருமுனை கிளினிக்கில் கட்டுப் போடும்போது அந்த டாக்டர், "வலிக்கலையா?" என்று கேட்டார். எனக்கு வலி தாங்கும் சக்தி அதிகம் என்றேன். அவர் யசோதாவைப் பார்த்தார். திங்கட்கிழமை பாத நிபுணரைப் பார்க்கச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார், அவளிடம்.

நாளை நான்தான் ஓட்டுவேன். கட்டுக்கு மேலே பெரிய ஷூ போட்டால் போயிற்று.

ஏப்ரல் 26, ஞாயிறு

அபு டிராக்கிலேயே பெடலைப் பார்த்துவிட்டு, ராத்திரி காரைக் கொண்டுவந்து வாசலில் விட்டிருந்தான். காலையில் சாவியைக் காணோம். வெளியே வந்தால் காரில் யசோதா, ஓட்டுநர் சீட்டில். என் ஹெல்மெட் அவள் மடியில்.

"ஏறறீங்களா, இல்ல வீட்டுல இருக்கீங்களா?"

கத்தினேன். பக்கத்து வீட்டு மாடியில் விளக்கு போடுகிற அளவுக்குக் கத்தினேன். அவள் பதிலுக்குக் கத்தியிருந்தால் ஜெயித்திருப்பேன். "அந்த மனுசன் நேத்து ரெண்டடி தள்ளி நின்னதால பொழச்சாரு" என்றாள். "உங்க காலு எங்க இருக்குதுன்னு உங்களுக்கே தெரியல. நான் ஒரு மாசமாப் பாத்துக்கிட்டு இருக்கறனுங்க. சொன்னா அடிக்க வர்றாப்பல பாக்கறீங்க." சொல்லிவிட்டு இன்ஜினைக் கிளப்பினாள். நான் ஏறி உட்கார்ந்தேன், இடது பக்கம்.

போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். தண்ணீரைச் சுற்றி வா, இன்ஜின் சத்தத்தை ஒரே மாதிரி பிடி, கிளட்ச் பிடிக்கிற இடத்தில் காலை நிறுத்து, கொஞ்சம் வழுக்கவிடு. அவள் சூலூர் சிக்னலில் வண்டியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஆஃப் கிளட்ச்சுல ஓட்டறேன்னு ஆறு வருசமா வஞ்சீங்க. இப்ப அதைத்தான் பண்ணச் சொல்றீங்களா?"

சிக்னல் விழுந்தது என்று மட்டும் சொன்னேன்.

அபு எங்களுக்கு முன்னாலேயே டிராக்குக்கு வந்து, பெடலைப் பார்த்ததை எழுதிக் கொடுத்திருந்தான். பெடலில் ஒன்றுமில்லை. நான் சட்டைப்பையிலிருந்த நட்டை எடுத்து அவன் கையில் வைத்தேன். "ஷூவுக்குள்ள இருந்துச்சு. உன்னச் சொன்னது தப்பு" என்றேன். அவன் என் கால் கட்டைப் பார்த்தான், நட்டைப் பார்த்தான். அதைக் கழிவுத் துணியில் துடைத்தான், ரொம்ப நேரம் துடைத்தான். "நட்டு போனாப் போகுதுண்ணா" என்றான். இவன் ஒரு தடவையாவது என்னைத் திருப்பித் திட்டியிருக்கலாம்.

வேலியோரம் நின்று பார்த்தேன். தெரிந்தவர்களெல்லாம் என்னைக் காரில் தேடிவிட்டு, பிறகு வேலியில் தேடினார்கள். பிலிப் சார் முழங்கையில் பிளாஸ்திரியோடு அவளைக் கோட்டுக்கு அழைத்தார். தைரியமாக முன்னால் நின்று குனிந்து பார்த்தார். மஞ்சள், மஞ்சள், மஞ்சள் என்று விளக்கு இறங்கியது. வெள்ளைக் கார் மூக்கை லேசாக நிமிர்த்தியது. ஒரு மாசமாக நான் தேடிக்கொண்டிருந்த நிமிர்வு.

பச்சை. டயர் கீச்சென்றுகூடச் சொல்லவில்லை. ஒரு பொட்டுப் புகை இல்லை. யாரோ பின்னாலிருந்து உந்தியது மாதிரி கார் போயே போய்விட்டது. ஹரீஷின் கம்ப்யூட்டர் ஒரு கார் நீளம் பின்னால் கிடந்தது. நான் வேலியைப் பிடித்துக்கொண்டு "விடாதே, விடாதே" என்று கத்தினேன். மூன்றாவது கியர் மாற்றும்போது அவள் கொஞ்சம் தடுமாறினாள். கடைசியில் அவன் அரைக் கார் நீளத்தில் முந்திவிட்டான்.

தோற்றாயிற்று. ஆனால் அந்தக் கிளம்பல்! அதே தட்டு, அதே பெடல், அதே கார். நான் தேடித் தேடிக் குற்றம் சொன்ன எதிலும் குற்றம் இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். வயிறு எரிந்தது, அவ்வளவுதான்.

ஹரீஷ் வந்து, "அக்கா, அந்த ஸ்டார்ட்ட நான் ஜென்மத்துக்கும் அடிக்க முடியாது" என்றான் அவளிடம். பிறகு என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டான்.

"பைக் ஆக்சிடெண்ட்ல எனக்கு இடது கால்ல பிளேட் வெச்சிருக்காங்கண்ணா. கிளட்ச் மிதிக்க முடியாது. அதான் ஆட்டோமேட்டிக். எப்ப வேணும்னாலும் என் காரை எடுத்து ஓட்டிப் பாருங்க."

யாரிடமும் சொல்லாததை என்னிடம் ஏன் சொன்னான்? அடித்திருந்தால்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது.

ஏப்ரல் 27, திங்கள்

பாத நிபுணர் ஒரு சின்னப் பெண். என் ஷூவை வாங்கி உள்ளே கைவிட்டுத் துழாவிப் பார்த்துவிட்டு, இனிமேல் ஒவ்வொரு தடவையும் இப்படிப் பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும் என்றாள். தலையாட்டினேன். காயத்தைப் பார்த்தாள். நல்லவேளை, எலும்பு வரைக்கும் போகவில்லை, கால் தப்பித்தது என்றாள். கால் தப்பித்தது என்று சொல்லும்போதுதான், தப்பாமலும் போயிருக்கலாம் என்பது எனக்கு உறைத்தது. யசோதா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

பிறகு அந்தப் பெண் ஒரு நைலான் இழையை எடுத்தாள், தூண்டில் நரம்பு மாதிரி. "கண்ண மூடிக்குங்க சார். பாதத்துல அங்கங்க இதால தொடுவேன். தொட்டது தெரிஞ்சா 'ம்'னு சொல்லுங்க. அவ்வளவுதான்."

மேஜையில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். காத்திருப்பது எனக்குப் புதிதில்லை. மஞ்சள் மூன்றும் இறங்கிப் பச்சை விழும்வரை மூச்சைப் பிடித்துக் காத்திருந்தவன். விளக்கு விழுந்தபின் நான் தாமதித்ததாக இதுவரை ஒருத்தனும் சொன்னதில்லை. முதல் தொடுதலுக்கே 'ம்' சொல்லிவிட வேண்டும் என்று நாக்கைத் தயாராக வைத்திருந்தேன்.

மின்விசிறி சத்தம். பக்கத்து அறையில் யாரோ டோக்கன் நம்பர் கூப்பிட்டார்கள். அந்தப் பெண் எதையோ எழுதுகிற சத்தம். எனக்குப் பொறுமை போய்விட்டது. வேலையைக் கவனிக்காமல் எழுதிக்கொண்டிருந்தால் எப்படி?

"எப்பம்மா ஆரம்பிக்கப் போறே?" என்றேன், கொஞ்சம் உரக்கவே.

எழுதுகிற சத்தம் நின்றது.

"முடிச்சுட்டேன் சார்" என்றாள்.

கண்ணைத் திறந்தேன். அவள் இழையைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். கால்மாட்டில் யசோதா நின்றிருந்தாள், என் இடது பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. எப்போதிலிருந்து பிடித்திருந்தாள் என்று எனக்குத் தெரியவில்லை.